சொந்தச் சட்டையோடு வரும் மென்பொருள்கள்

கணினியில் 'தீம்' என்றொரு சங்கதி உண்டு. எழுத்து எத்தனை பெரிது, பின்புலம் வெளுப்பா கறுப்பா, பட்டன் எப்படித் தெரிய வேண்டும் என்று ஓரிடத்தில் சொல்லிவைத்தால் எல்லா மென்பொருளும் அதன்படி உடுத்திக்கொள்ள வேண்டும். கண்புரை அறுவை செய்துகொண்ட என் போன்றவர்களுக்கு இது அலங்கார விஷயம் இல்லை. கறுப்புப் பின்புலம், பெரிய எழுத்து என்று நான் வைத்திருக்கிறேன். தினமும் திறக்கும் ஒரு மென்பொருள் மட்டும் பளீரென்ற வெள்ளையில், எறும்பு எழுத்தோடு வந்து நிற்கிறது. ஏன் என்று தேடப்போனதில் கிடைத்த வரலாறு இது.

விண்டோஸும் மெக்கின்டோஷும் பட்டன், மெனு எல்லாவற்றையும் தாங்களே வரைந்து கொடுத்தன. யூனிக்ஸ் உலகில் அந்தக் கட்டுப்பாடு இல்லை. திரையில் ஒரு கட்டம் கிடைக்கும். உள்ளே என்ன வரைவது என்பது அந்தந்த மென்பொருளின் பாடு. ஒன்றைப் போல் இன்னொன்று இல்லையே என்று சலித்துப்போய், 1996 அக்டோபரில் மத்தியாஸ் எட்ரிச் என்ற ஜெர்மன் மாணவர் கேடிஇ திட்டத்தைத் தொடங்கினார். அவர் எடுத்துக்கொண்ட க்யூட்டி என்ற கருவித்தொகுதியின் உரிமம் பிடிக்காதவர்கள், 1997இல் ஜிடிகே என்ற வேறொன்றை வைத்து க்னோம் என்று தனிக்குடித்தனம் போனார்கள். ஒற்றுமைக்கென்று ஆரம்பித்த காரியம் இரண்டு அடுப்பாயிற்று!

நம் அலுவலகங்கள் வரை வந்தது ஸ்டார் ஆபீசின் கதை. ஜெர்மனியின் ஸ்டார் டிவிஷன் நிறுவனம் அதைப் பலவகைக் கணினிகளிலும் ஓடவைக்க நினைத்தது. ஒவ்வொன்றிடமும் பட்டன் கேட்டு நிற்பானேன் என்று எல்லாவற்றையும் அதுவே வரைந்துகொண்டது. 5ஆம் பதிப்பில் தனக்கென்று ஒரு ஸ்டார்ட் பட்டனே வைத்திருந்தது. குடிவந்தவர் சொந்த வாசற்கதவோடு வந்தது போல. 1999இல் சன் நிறுவனம் அதை வாங்கி, மறு ஆண்டு மூலநிரலைத் திறந்துவிட, ஓப்பன் ஆபீஸ் பிறந்தது. 2005இல் வந்த 2.0 பதிப்பில்தான் லினக்ஸ் மேசையின் தீமைக் கேட்டுப் பட்டன் வரையும் பழக்கம் அதற்கு வந்தது. உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்த காலத்தில், 2007 வாக்கில், எல்காட் சூசே லினக்சுக்கும் ஓப்பன் ஆபீசுக்கும் மாறியது. இந்தத் திருத்தம் அதற்கு முன்பே வந்தது நல்லதாயிற்று. திரையில் ஒரு பட்டன் இடம் மாறினாலே குமாஸ்தாவின் கை எப்படித் தடுமாறும் என்பது எனக்குத் தெரியும்.

சட்டையோடு போனால் சகித்துக்கொள்ளலாம். எல்லாவற்றையும் தானே வரையும் மென்பொருள் எழுத்தையும் தானே வரையப் பார்க்கும். யூனிகோடில் 'பெருமாள்' என்று எழுதினால் முதலில் ப, அதன்பிறகே கொம்பு பதிவாகிறது. திரையில் கொம்பு முன்னால் வர வேண்டும். இந்த இடமாற்றத்தை விண்டோஸ் 2000 தானே செய்துகொடுத்தது. அதைக் கேட்காமல் தன் கைவரிசையைக் காட்டிய மென்பொருள்களில் கொம்பு பின்னால் தொங்கியது. ஆங்கிலத்தில் வேலை செய்பவருக்கு இந்தத் தொல்லையே கிடையாது.

எட்ரிச் சலித்துக்கொண்ட அதே 1996இன் டிசம்பரில்தான் எங்கள் முட்டுக்காட்டில் தட்சிணசித்ரா திறந்தார்கள். செட்டிநாட்டு வீடு, கேரளத்துச் சிரியன் கிறிஸ்தவர் வீடு என்று வெவ்வேறு ஊர் வீடுகளைப் பிரித்துக் கொண்டுவந்து மறுபடி நிறுத்தியிருக்கிறார்கள். ஒன்றைப் போல் ஒன்று இல்லாததைப் பார்க்கத்தான் டிக்கெட் வாங்குகிறோம். ஆனால் நள்ளிரவில் எழுந்து அங்கே விளக்கு சுவிட்சைத் தேட வேண்டிய அவசியம் நமக்கு இல்லையே.

இப்போது வரும் பல மென்பொருள்கள் ஒரு முழு உலாவியையே வயிற்றில் சுமந்துகொண்டு வருகின்றன. ஒரே நிரல் எல்லாக் கணினிக்கும் போதும் என்பது கணக்கு. ஸ்டார் டிவிஷன் போட்ட அதே கணக்குதான். கறுப்பா வெளுப்பா என்பதை மட்டும் சில கணினியிடம் கேட்டுக்கொள்கின்றன. எழுத்தின் அளவையும் கேட்கிறதா என்று பார்த்த பிறகே நான் எதையும் வைத்துக்கொள்கிறேன்.