பீப்ஸ் வீட்டுப் புதுக்கணக்கு

ஆண்டின் கடைசி நாளன்று ஒரு தாளை எடுத்து, வருகிற ஆண்டில் இன்னின்னது செய்வேன், இன்னின்னது செய்யமாட்டேன் என்று எழுதிவைக்கும் வழக்கம் இன்று உலகெங்கும் பரவிவிட்டது. தனக்கு ஒரு பட்டியல், குடும்பத்துக்கு ஒரு பட்டியல். இதன் பூர்வீகத்தைத் தேடுபவர்கள் வழக்கமாகப் பாபிலோனுக்குப் போவார்கள். இல்லையேல் ரோமானியரின் இருமுகத் தெய்வமான ஜானஸிடம் போவார்கள். அவ்வளவு தொலைவு போவதில் எனக்கு நாட்டமில்லை. அங்கே கிடைப்பவை சடங்குகள். ஒரு வீட்டுக்குள் நடந்தது என்ன என்பது கிடைப்பதில்லை. எடுத்த தீர்மானம், அது முறிந்த நாள், முறிந்ததற்குச் சொல்லிக்கொண்ட சமாதானம், பக்கத்தில் இருந்தவர் பட்ட பாடு ஆகிய நான்கும் ஒருசேர எழுத்தில் கிடைக்கிற வீடு ஒன்று 17ஆம் நூற்றாண்டு லண்டனில் இருந்தது. அது சாமுவேல் பீப்ஸின் வீடு. (ஆங்கில எழுத்துகளைப் பார்த்துப் பலரும் 'பெப்பிஸ்' என்கிறார்கள்; உச்சரிப்பு பீப்ஸ்தான்.)

நம் வாசகர்களில் பலர் இந்தப் பெயரை ஆனந்தரங்கப் பிள்ளை வழியாகக் கேள்விப்பட்டிருப்பார்கள். 1736இல் புதுச்சேரியில் நாட்குறிப்பு எழுதத் தொடங்கிய பிள்ளையவர்களை 'இந்தியாவின் பீப்ஸ்' என்று சொல்வது மரபாகிவிட்டது. மூல பீப்ஸ் 1633இல் ஒரு தையற்காரருக்கு மகனாகப் பிறந்தவர். கேம்பிரிட்ஜில் படித்தார். 1655இல் எலிசபெத் என்ற பெண்ணை மணந்தபோது அவருக்கு வயது 22, மணப்பெண்ணுக்குப் பதினான்கு. 1660இல் இரண்டாம் சார்லஸ் அரியணை ஏறியபோது, செல்வாக்குள்ள உறவினர் ஒருவரின் துணையால் கடற்படை அலுவலகத்தில் முக்கியமான செயலர் பதவி கிடைத்தது. அந்த ஆண்டு ஜனவரி 1ஆம் தேதி தொடங்கி 1669 மே 31 வரை அவர் எழுதிய நாட்குறிப்பு ஏறத்தாழ 12.5 லட்சம் சொற்கள் கொண்டது. ஷெல்டன் என்பவர் வகுத்த சுருக்கெழுத்தில் எழுதியதால் ஒன்றரை நூற்றாண்டு யாரும் படிக்காமல் கேம்பிரிட்ஜ் மாடலின் கல்லூரியில் அவருடைய நூலகத்தோடு கிடந்தது. 1819 முதல் 1822 வரை ஜான் ஸ்மித் என்பவர் உட்கார்ந்து அதைப் பெயர்த்தெழுதினார். 1825இல் ஒரு பகுதி அச்சேறியது.

ஒரு செய்தியை இங்கே சொல்லிவிட வேண்டும். அன்றைய இங்கிலாந்தில் சட்டப்படி ஆண்டு பிறந்தது மார்ச் 25ஆம் தேதி; 1752 வரை அதுதான் நிலைமை. ஆனாலும் ஜனவரி முதல் நாளைத்தான் மக்கள் புத்தாண்டு நாள் என்று அழைத்தார்கள், பரிசு கொடுத்துக்கொண்டார்கள். பீப்ஸும் டிசம்பர் 31ஆம் தேதிதான் கணக்கு முடிப்பார். நம் கடைக்காரர்கள் சித்திரை முதல் நாளில் புதுக்கணக்கு எழுதுவதைப்போல அவர் தம் வாழ்க்கைக்கே புதுக்கணக்கு எழுதினார். கையிருப்பு எவ்வளவு, உடல்நலம் எப்படி, வீட்டில் யார் யார், அரசரின் நிலை என்ன, நாட்டின் நிலை என்ன என்று வரிசையாக வரும். வீட்டில் இருப்பவர்கள் என்றால் மனைவி மட்டுமல்லர். சமையற்காரி, பணிப்பெண், எடுபிடிப் பையன் எல்லோரும் அதில் அடக்கம். 'குடும்பம்' என்ற சொல்லுக்கு அக்காலத்தில் அதுவே பொருள்.

நாட்குறிப்பின் முதல் பக்கத்திலேயே குடும்பத்தின் பெரிய விருப்பம் ஒன்று பொய்த்துப்போனது பதிவாகியிருக்கிறது. எலிசபெத் கருவுற்றிருப்பதாக நம்பியிருந்தார்கள். 1659ஆம் ஆண்டின் கடைசி நாளில் அந்த நம்பிக்கை இல்லையென்றாயிற்று. பின்னரும் அவர்களுக்குக் குழந்தை பிறக்கவில்லை. இதைப் பற்றி அவர் சபதம் எதுவும் எடுக்கவில்லை. எடுக்கக்கூடிய விஷயங்களில் எடுத்தார்.

1661 டிசம்பர் 31. நாடகமும் மதுவும் இனி இல்லை என்று முறையாக ஆணையிட்டு, அதை எழுதிக் கையோடு வைத்துக்கொள்கிறார். அவருக்கு வயது 28. நாடகப் பித்து முற்றியிருந்த காலம். பியூரிட்டன் ஆட்சியில் மூடிக்கிடந்த அரங்குகள் அரசர் திரும்பியதும் திறந்துவிட்டன; பெண்கள் முதன்முறையாக மேடையேறிய நேரம் வேறு. அலுவலகத்தில் கோப்புகள் காத்திருக்க, கால்கள் தாமாக அரங்கை நோக்கி நடந்தன. 1662 ஜனவரி முடிவதற்குள்ளாகவே, மதுவை விட்டபின் உடம்பு தேறியிருக்கிறது, வேலையில் கவனம் நிற்கிறது, செலவு குறைந்திருக்கிறது என்று நன்றியோடு எழுதுகிறார். மார்ச்சில் செலவுக்கென்று தனி விதிகள் எழுதி, கடவுளை முன்னிறுத்தி ஆணையிடுகிறார். ஒவ்வொரு மீறலுக்கும் அபராதம். அபராதப் பணம் ஏழைகளுக்கான உண்டியலுக்குப் போகும். ஞாயிற்றுக்கிழமைகளில் தம் ஆணைகளை எடுத்து ஒருமுறை படித்துக்கொள்வார். நாம் எழுதும் தீர்மானத் தாள் பொங்கலுக்குள் தொலைந்துபோவதை எண்ணினால், இந்த வாரப் பாராயணத்தின் அருமை விளங்கும்.

1664 ஜனவரியில் அவர் எழுதிய ஆணை ஒரு வழக்கறிஞர் எழுதிய பத்திரம் போலிருக்கிறது. பொது அரங்குகளில் மாதத்துக்கு ஒரு நாடகம்தான். அதுவும் மொத்தச் செலவு 50 ஷில்லிங்கைத் தொடும் வரைதான். தொட்டுவிட்டால் அடுத்த புத்தாண்டு வரை எதுவும் இல்லை. ஆனால் அதற்குள் தம் சொத்து 1000 பவுண்டை எட்டிவிட்டால் விதிகளை மாற்றிக்கொள்ளலாம்!

பத்திரம் எழுதத் தெரிந்தவருக்கு அதில் ஓட்டை கண்டுபிடிக்கவும் தெரியும். 1663 அக்டோபர் 29 அன்று லண்டன் மேயரின் விருந்து. ஹிப்போக்ராஸ் என்ற பானம் வருகிறது. திராட்சை மதுவில் சர்க்கரையும் வாசனைப் பொருள்களும் சேர்த்துச் செய்வது. குடித்துவிடுகிறார். இது பல சரக்குகளின் கலவைதானே தவிர மதுவன்று என்று தம் அறிவுக்குப் படுவதாகவும், தவறென்றால் ஆண்டவன் மன்னிக்கட்டும் என்றும் எழுதிக்கொள்கிறார். அதே ஆண்டு ஏப்ரலில் ஒரு கப்பல் தலைவர் தந்த உறையில் பணம் இருக்கிறது. அலுவலகத்துக்கு வந்தபின் அதைப் பிரித்து, காசெல்லாம் கீழே கொட்டி முடியும் வரை உள்ளே பார்க்காமல் இருக்கிறார். யாராவது விசாரித்தால், கடிதத்தில் பணம் எதையும் பார்க்கவில்லை என்று சொல்லலாம் அல்லவா? இரண்டும் ஒரே மூளையின் வேலை. ஆனால் தம் தந்திரத்தைத் தாமே எழுதிவைக்கிற நேர்மையும் அதே மூளைக்கு இருந்தது. சபதம் காப்பவர்களின் வரலாறு நமக்கு நிறையக் கிடைக்கும். சபதத்தைச் சுற்றி நடப்பவரின் வரலாறு அரிது.

பலன் இருந்ததா என்றால், இருந்தது. 1660 ஜூனில் தம் சொத்து 100 பவுண்டை நெருங்கியதை வியந்து எழுதியவர், 1664ஆம் ஆண்டின் முடிவில் 1349 பவுண்டு என்று எழுதுகிறார். 1665இல் அது 4400 ஆகிறது. லண்டனைக் கொள்ளைநோய் காவுகொண்ட ஆண்டு அது; அவ்வளவு சாவுக்கு நடுவில், வாழ்நாளிலேயே இவ்வளவு மகிழ்ச்சியாக இருந்ததில்லை என்று ஆண்டிறுதியில் எழுதுகிறார். 1666இன் முடிவில் 6200 பவுண்டு. ஊதியத்தால் மட்டும் வந்த பணமல்ல என்பது அந்த உறையைப் பார்த்த நமக்குத் தெரியும். ஆனாலும் வேலையைக் கற்றுக்கொண்டது மெய். கேம்பிரிட்ஜ் பட்டதாரிக்கு வாய்ப்பாடு தெரியாது. 1662 ஜூலையில் ஒரு மாலுமியை வரவழைத்துப் பெருக்கல் வாய்ப்பாட்டை மனப்பாடம் செய்தார். மரக்கணக்கிலும் கயிற்றுக்கணக்கிலும் கடற்படையை ஏமாற்றி வந்த வணிகர்களுக்கு அன்று தொடங்கியது தலைவலி.

இதுவரை சொன்னது ஒரு தனிமனிதரின் இலக்குகள். குடும்பத்தின் இலக்கை எழுதியது யார்? வீட்டுச் செலவுக்கு இவ்வளவு, உடைக்கு இவ்வளவு என்று வகுத்தவர் பீப்ஸ். கணவர் அலுவலகத்திலும் விருந்திலும் நாளைக் கழிக்க, பேச்சுத்துணையின்றி வீட்டுக்குள் இருந்தவர் எலிசபெத். தம் குறையை ஒருமுறை கடிதமாக எழுதிக் கொடுத்தார். கணவர் அதைப் படிக்காமலே எரித்துவிட்டார். ஆனால் எலிசபெத்திடம் பிரதி இருந்தது.

1663 ஜனவரி 9. புத்தாண்டு பிறந்து ஒன்பதாம் நாள். எலிசபெத் அந்தப் பிரதியை எடுத்துவரச் செய்து உரக்கப் படிக்கிறார். தம் தனிமையையும், வாழ்வில் இன்பமே இல்லாததையும் அதில் கூர்மையாக எழுதியிருந்தார். எழுதியதெல்லாம் பெரும்பாலும் உண்மை என்பதைக் கணவரே ஒப்புக்கொள்கிறார். அவரை உலுக்கியது வேறொன்று: அது ஆங்கிலத்தில் இருக்கிறது, யார் கையிலாவது கிடைத்தால் படித்துவிடுவார்களே! கிழித்துவிடு என்று கேட்கிறார், பிறகு கட்டளையிடுகிறார். மனைவி மறுக்கவே, பிடுங்கிக் கிழிக்கிறார். அத்தோடு நிற்கவில்லை. மனைவியின் காகிதக் கட்டையும் எடுத்து, தாம் முன்பு எழுதிய காதல் கடிதங்கள் உட்பட ஒவ்வொன்றாக, அழுது தடுப்பவரின் கண்ணெதிரிலேயே கிழிக்கிறார். மனைவிக்கு எல்லாவற்றையும் எழுதிவைத்திருந்த உயிலும் போயிற்று. திருமண உரிமச் சீட்டும் தம்முடைய முதல் கடிதமும் போன்ற சிலவற்றை மட்டும் ஒதுக்கிவைக்கிறார். தம் அந்தரங்கம் முழுவதையும் யாரும் படிக்க முடியாத எழுத்தில் பூட்டிவைத்தவர், மனைவியின் ஒரே ஒரு தாள் வெளிப்படையான மொழியில் இருந்ததைப் பொறுக்கவில்லை. நாட்குறிப்பில் எத்தனையோ பக்கங்கள் சிரிக்கவைக்கின்றன. இந்தப் பக்கம் என்னை ஒவ்வொரு முறையும் நிறுத்திவிடுகிறது.

கிழிந்த தாளுக்குப் பலன் இல்லாமல் போகவில்லை. மார்ச்சில் எலிசபெத்துக்குத் துணையாக ஒரு பெண் வந்தார். ஏப்ரலில் நடனம் கற்பிக்க ஓர் ஆசிரியர் வந்தார். உடனே பொறாமையும் வந்தது. மே மாதத்தில் வீடு ரணகளம். கடைசியில் பீப்ஸ் தமக்கே ஓர் ஆணை எழுதினார்: மனைவி நடனம் கற்கும் வரை அதைக் குறைகூறவோ தடுக்கவோ மாட்டேன், மீறினால் முறைக்கு 2 ஷில்லிங் 6 பென்ஸ். அவருடைய சபதங்களில் மனைவியின் விருப்பத்துக்காகத் தம் நாவைக் கட்டிய இந்த ஒன்று, மற்ற எல்லாவற்றையும்விட எனக்கு உயர்வாகப் படுகிறது.

அந்த ஆண்டு அக்டோபரில் மனைவிக்குக் கணக்குக் கற்றுக்கொடுக்கத் தொடங்கினார். டிசம்பருக்குள் கூட்டல், கழித்தல், பெருக்கல் எல்லாம் நன்றாக வந்துவிட்டன. வகுத்தலை ஒத்திவைத்துவிட்டுப் பூகோள உருண்டைக்குப் போகலாம் என்று முடிவு செய்கிறார். மாலை நேரத்தில் இருவரும் உருண்டையைச் சுழற்றிக்கொண்டிருந்த அந்த மாதங்கள் அவ்வீட்டின் நல்ல காலம். கற்ற கணக்கு வீண்போகவில்லை. 1664 செப்டம்பரில் சமையலறைக் கணக்கைச் சரிபார்க்கிறார் கணவர். தொகை இடிக்கிறது. கணக்கு உதைத்தால் வேறு இனங்களில் கொஞ்சம் கூட்டிப்போட்டுச் சரிசெய்துவிடுவேன் என்று எலிசபெத் கூசாமல் சொல்கிறார். அவர் கோபிக்க, இனிமேல் அதில் மிச்சம் பிடித்து ஒரு கழுத்துமாலை வாங்கப்போகிறேன் என்கிறார். ஹிப்போக்ராஸ் குடித்தவருக்கு இது பொறுக்கவில்லை! ஆக, அந்த வீட்டில் இன்னொருவருக்கும் ஓர் இலக்கு இருந்தது. 1666 ஏப்ரல் 30 அன்று மூன்று சரம் கொண்ட முத்துமாலை ஒன்றைக் கணவரே வாங்கித் தந்தார். விலை 80 பவுண்டு.

1668 அக்டோபர் 25 இரவு, வீட்டில் துணையாக இருந்த டெப் வில்லட் என்ற இளம்பெண்ணை பீப்ஸ் அணைத்திருந்ததை எலிசபெத் கண்டுவிட்டார். அதன்பின் அந்த வீட்டில் ஆணைகளை எழுதும் கை மாறியது. அந்தப் பெண்ணை இனிப் பார்ப்பதில்லை என்ற வாக்குறுதியும், வெளியே போனால் எழுத்தர் வில் ஹ்யூவர் கூடவே போவது என்ற ஏற்பாடும், கணவர் அவளுக்கு எழுத வேண்டிய கடிதமும் மனைவியின் விதிப்படியே அமைந்தன. 1669 ஜனவரி 12 இரவு, பழுக்கக் காய்ச்சிய இடுக்கியோடு எலிசபெத் படுக்கை அருகே வந்து நின்றார். ஆறு ஆண்டுகளுக்கு முன்பு, இதே ஜனவரியில்தான் அவருடைய தாள் கிழிக்கப்பட்டது.

பார்வை போய்விடும் என்ற அச்சத்தில் அந்த மே மாத இறுதியோடு பீப்ஸ் நாட்குறிப்பை நிறுத்தினார். பார்வை போகவில்லை, 1703 வரை வாழ்ந்தார். பிரான்சுக்கு இருவரும் ஒரு பயணம் போய்வந்தார்கள். திரும்பியதும் எலிசபெத் காய்ச்சலில் விழுந்து, 1669 நவம்பர் 10 அன்று காலமானார். வயது 29. பீப்ஸ் மறுமணம் செய்துகொள்ளவில்லை. புனித ஓலேவ் தேவாலயத்தில், கடற்படை அலுவலகத்தாரின் இருக்கையில் அமர்ந்தால் கண்ணுக்கு நேராகத் தெரியும்படி மனைவிக்கு ஒரு மார்பளவுச் சிலை வைத்தார். வாய் சற்றே திறந்து, ஏதோ சொல்லத் தொடங்குவதுபோல் இருக்கிற அந்தச் சிலை இன்றும் அங்கே இருக்கிறது.