ஏரி மராமத்து நிதி

ஏரி மராமத்து நிதி என்பது, தமிழகத்தின் பாசன ஏரிகளையும் கண்மாய்களையும் அவற்றின் வரத்துக் கால்வாய்களையும் பேணுவதற்கென அரசும் ஊர்ச்சபைகளும் பாசன உழவர்களும் ஒதுக்கியும் திரட்டியும் வந்த பணம், நிலம், தானியம், உழைப்பு ஆகியவற்றைக் குறிக்கும். கரையைப் பலப்படுத்துதல், நீரோடு வந்து படியும் வண்டலைத் தூர் வாருதல், மதகுகளையும் மிகுநீர் வழிந்தோடும் கலங்கலையும் பழுதுபார்த்தல் ஆகியன இதன் மரபான செலவினங்கள். மாநிலத்தில் ஏறத்தாழ 39,000 ஏரிகள் உள்ளன. அவற்றுள் பல, மேல் ஏரியின் மிகுநீர் கீழ் ஏரிக்கு வரத்தாகும் தொடர்களாக அமைந்தவை என்பதால், ஓர் ஏரியின் பராமரிப்புக் குறை அடுத்தடுத்த ஊர்களையும் பாதிக்கிறது.

சோழர் காலம்

பராந்தக சோழனின் கி.பி. 919, 921ஆம் ஆண்டுகளைச் சேர்ந்த உத்திரமேரூர்க் கல்வெட்டுகள், குடவோலை முறையில் தேர்ந்தெடுக்கப்பட்ட ஏரி வாரியம் என்னும் குழுவைக் குறிப்பிடுகின்றன. ஆறு பேர் கொண்ட இக்குழு ஓராண்டுக் காலம் ஏரிப் பணிகளைக் கவனித்தது. இத்தகைய பணிகளுக்கான பொருள் பல வழிகளில் வந்தது. ஏரிப் பராமரிப்புக்கென விடப்பட்ட நிலம் ஏரிப்பட்டி என்றும், அதற்காகத் தண்டப்பட்ட வரி ஏரி ஆயம் என்றும் வழங்கின. ஏரி மீனின் குத்தகை வருவாயும் தூர் வாரும் செலவுக்கு ஒதுக்கப்பட்டது. செல்வர் சிலர் சபையிடம் பொன்னை முதலாக வைத்து, அதன் வட்டியைக் கொண்டு ஆண்டுதோறும் வண்டல் அகற்ற ஏற்பாடு செய்ததையும், வண்டலை ஏற்றிச் செல்ல ஓடங்கள் வைக்கப்பட்டதையும் பல்லவர், சோழர் காலக் கல்வெட்டுகள் கூறுகின்றன. முதல் குறையாமல் வட்டி மட்டும் செலவானதால், பராமரிப்பு இடையறாத ஆண்டுக் கடமையாக இருந்தது என்பதே இம்முறையின் சிறப்பு.

ஆங்கிலேயர் ஆட்சி

பதினெட்டாம் நூற்றாண்டிலும் செங்கல்பட்டுப் பகுதி ஊர்களில் களத்து நெல்லைப் பங்கிடுமுன் ஏரிக்கென ஒரு பகுதி எடுத்து வைக்கும் வழக்கம் இருந்தது. கிழக்கிந்தியக் கும்பினி ஆட்சியில் நிலவரி பெரும்பாலும் அரசுக் கருவூலத்துக்குச் செல்லத் தொடங்கியதும் ஊரின் கையிலிருந்த பொருள் சுருங்கியது. உழவர்கள் கூடி உழைத்துச் சிறு பழுதுகளைச் சரிசெய்யும் வழக்கமான குடிமராமத்து தளர்வதைக் கண்ட அரசு, 1858ஆம் ஆண்டின் சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டத்தின் வாயிலாக அதைச் சட்டக் கடமையாக்க முயன்றது. ஆனால், வருவாயை இழந்த ஊர்களிடம் உழைப்பை மட்டும் கோரிய அம்முயற்சி எதிர்பார்த்த பயனைத் தரவில்லை. 1876–78ஆம் ஆண்டுகளின் பெரும் பஞ்சத்துக்குப் பின், 1883இல் ஏரிச் சீரமைப்புத் திட்டம் தொடங்கப்பட்டு, ஏரிகள் முறையாக அளவிடப்பட்டுப் பழுதுபார்க்கப்பட்டன.

விடுதலைக்குப் பின்

விடுதலைக்குப் பின், பாசனப் பரப்பாகிய ஆயக்கட்டு 100 ஏக்கருக்கு மேற்பட்ட ஏரிகள் பொதுப்பணித் துறையிடமும், ஏனையவை ஊராட்சி ஒன்றியங்களிடமும் இருந்தன. ஐரோப்பியப் பொருளாதாரச் சமூகத்தின் நிதியுதவியுடன் 1984இல் ஏரி நவீனமயத் திட்டமும், உலக வங்கிக் கடனுதவியுடன் 2007இல் பாசன வேளாண்மை நவீனமயம் மற்றும் நீர்நிலைகள் மேலாண்மைத் திட்டமும் தொடங்கின. இவ்விரண்டுக்கும் இடையே, 2000ஆம் ஆண்டில் இயற்றப்பட்ட உழவர் பாசன மேலாண்மைச் சட்டம் நீரைப் பயன்படுத்துவோர் சங்கங்களுக்குச் சட்ட வடிவம் அளித்தது. 2017 மார்ச்சில் மணிமங்கலத்தில் தொடங்கிவைக்கப்பட்ட குடிமராமத்துத் திட்டத்தின் முதற்கட்டத்துக்கு ரூ.100 கோடி ஒதுக்கப்பட்டது. மதிப்பீட்டுத் தொகையில் பத்தில் ஒரு பங்கைப் பயனாளிகள் பணமாகவோ பொருளாகவோ உழைப்பாகவோ தர வேண்டும் என்பது இதன் விதியாக இருந்தது. வண்டலை உழவர்கள் கட்டணமின்றி எடுத்துச் செல்ல அதே ஆண்டில் தரப்பட்ட அனுமதி, தூர் வாருதலை வயலுக்கு உரமிடுதலோடு இணைத்தது.

நீரின் தரம்

பழைய நிதி முறைகள் நீரின் அளவையே கருதின. நகரக் கழிவுநீர் ஏரிகளில் கலக்கத் தொடங்கிய பின் அதன் தரமும் செலவினமாயிற்று. கழிவிலுள்ள நைட்ரஜன், பாஸ்பரஸ் சத்துகள் பாசியையும் ஆகாயத் தாமரையையும் பெருக்க, அவை மடிந்து அழுகும்போது நீரில் கரைந்துள்ள ஆக்சிஜன் குறைந்து மீன்கள் இறக்கின்றன. நடுவண் அரசு 2001இல் தொடங்கிய தேசிய ஏரிகள் பாதுகாப்புத் திட்டத்தின்கீழ் உதகமண்டலம், கொடைக்கானல் ஏரிகளுக்கு நிதி கிடைத்தது. ஆயினும், கழிவுநீரை வரும் வழியிலேயே மறித்துச் சுத்திகரிக்காமல் ஏரியின் பரப்பை மட்டும் தூய்மை செய்யும் பணி நிலைப்பதில்லை.

மதிப்பீடு

இந்நீண்ட வரலாற்றில் ஒதுக்கீட்டின் அளவைக் காட்டிலும் அதன் தொடர்ச்சியே ஏரிகளின் நிலையைத் தீர்மானித்திருக்கிறது. அண்மைக்காலத் திட்டங்கள் பெருந்தொகையை ஒருமுறை செலவிட்டுப் பழுதைச் சரிசெய்கின்றன. பணி முடிந்த மறு ஆண்டில் வரத்துக் கால்வாயில் முளைக்கும் புதரை வெட்டுவதற்கும் மதகைக் காப்பவரின் ஊதியத்துக்கும் அவற்றில் போதிய இடம் இல்லை. மீன் குத்தகை, கரை மரங்கள் முதலியவற்றின் வருவாயில் உறுதியான ஒரு பங்கு அந்தந்த ஏரிக்கே திரும்பவும், ஒரே தொடரிலுள்ள ஏரிகளுக்கு நிதி சேர்த்தே வழங்கப்படவும் வழி செய்தால்தான், சீரமைக்கப்பட்ட ஏரி மீண்டும் தூர்ந்துபோகாமல் நிற்கும்.