நாணும் நரம்பும்: கொங்கு ஆறுகளில் பெருமீன் தூண்டிலின் வரலாறு

கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில் ஒரு தூண்டில்காரன் வருகிறான். நீண்ட மூங்கிற்கோல், அதில் கட்டிய நாண், வளைந்த இரும்பு முள், இரை வைத்த தோற்பை என அவனுடைய கருவிகள் அனைத்தையும் புலவர் எண்ணிக் காட்டுகிறார். ஆனால் நம் நெஞ்சில் நிற்பது அவன் பிடித்த மீன் அன்று, தப்பிய மீன். முன்பு இரையைக் கவ்வி வாய் பிளவுண்ட வாளை, நீரருகே அசையும் பிரம்பின் நிழலைக் கண்டும் அஞ்சுகிறது. தூண்டிலின் வரலாற்றைத் தப்பிய மீனின் பக்கமிருந்து பார்க்கும் இப்பார்வை, நாம் சொல்லப்போகும் கதைக்கும் பொருந்தும்.

வில்லின் கயிற்றுக்கும் தூண்டிலின் கயிற்றுக்கும் நாண் என்ற ஒரே சொல் வழங்கியதை இங்கே கருத வேண்டும். இரண்டுமே இழுவிசையைத் தாங்க வேண்டியவை. சிறு கெண்டைக்குப் பருத்தி நூல் போதும். பெருமீனுக்கு எது தாங்கும் என்பதே கேள்வி.

கொங்கு நாட்டின் ஆறுகளில் அக்கேள்வியை எழுப்பிய மீன் மகசீர். கெண்டைக் குடும்பத்தைச் சேர்ந்த இது, நீலகிரியிலிருந்தும் ஆனைமலைப் பக்கத்திலிருந்தும் இறங்கும் பவானி, மோயாறு, அமராவதி நீர்களிலும், அவை சென்று சேரும் காவிரியிலும் வாழ்ந்தது. நீலகிரி மலையிலும் அதன் அடிவாரத்து ஆறுகளிலும் வாழும் மீன்களைப் பற்றி பிரான்சிஸ் டே 1867-இல் தனிக்கட்டுரையே எழுதினார். சென்னை மாகாண ஆட்சிப் பணியிலிருந்த ஹென்றி சல்லிவன் தாமஸ், 1873-இல் 'தி ராட் இன் இந்தியா' என்னும் நூலை வெளியிட்டார். ஆங்கிலேயரின் மகசீர் வேட்கைக்கு இலக்கணம் வகுத்த நூல் அது.

மகசீரின் தாடையில் பல் இல்லை. பற்கள் தொண்டைக்குள் உள்ளன. ஆயினும் அதன் வாய் அழுத்தும் வலிமை இரும்பு முள்ளையே நசுக்கிவிடும் என்பதைத் தாமஸ் வலியுறுத்தினார். அடுத்த இடர் ஆற்றின் படுகை. முள்ளில் மாட்டியவுடன் மீன் சுழலையும் பாறை இடுக்கையும் நோக்கிப் பாயும். அங்கே நாணை அறுப்பது மீன் அன்று, கல். ஆகவே சுருளியில் நீளமான நாண் வேண்டும். முள்ளுக்கு அருகில் அதனினும் வேறான ஓர் இணைப்பிழையும் வேண்டும். இந்த இணைப்பிழையைத்தான் ஆங்கிலத்தில் லீடர் என்றும் ட்ரேஸ் என்றும் அழைக்கின்றனர்.

அக்காலத்துச் சுருளி நாண் பின்னிய பட்டு. அதை எண்ணெயில் ஊற வைத்து மெருகேற்றுவர். மீன்பிடித்து வந்ததும் விரித்து உலர்த்தாவிட்டால் மட்கிவிடும். இணைப்பிழைக்கு உதவியதும் பட்டுப்புழுவே, ஆனால் வேறு வகையில். ஸ்பெயினின் முர்சியாப் பகுதியில், கூடு கட்டும் பருவத்துப் புழுவைப் புளிக்காடியில் இட்டு, அதன் பட்டுச் சுரப்பியை ஒரே இழையாக இழுத்து உலர்த்தினர். ஓர் இழை ஏறத்தாழ ஒரு முழமே நீளும். எனவே பல இழைகளை முடிச்சிட்டு நீட்டினர். பெருமீனுக்கு முறுக்கிச் சேர்த்தனர். உலர்ந்தபோது அது முறியும். நனைத்த பின்னரே முடிச்சிட முடியும். பாறை நிறைந்த ஆறுகளில் அதை நம்பாதவர்கள் எஃகுக் கம்பியை நாடினர்.

1919-இல் காவிரியில் ரிவெட்-கார்னாக் பிடித்த மகசீர் 119 ராத்தல். 1946-இல் மைசூரின் வான் இங்கன் குடும்பத்தவர் ஒருவர் கபினியில் பிடித்தது 120 ராத்தல். இடையில், 1930-களில், அமெரிக்காவின் டூபாண்ட் ஆய்வகத்தில் வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் நைலானை உருவாக்கியிருந்தனர். மட்காத, முடிச்சே இல்லாமல் எத்தனை முழமும் நீளும் இழை எளியவர் கைக்கும் வந்தது. நம் மக்கள் அதற்குப் புதுப்பெயர் தேடவில்லை, நரம்பு என்றனர். கடற்கரையில் தங்கூசி என்றனர். யாழுக்கு உரிய சொல் தூண்டிலுக்கு வந்து சேர்ந்தது.

பின்னர் வந்த பின்னல் இழைகள் மெலிந்தவை, மிக வலியவை. ஆனால் நீளும் தன்மையற்றவை, கல்லில் உரசினால் எளிதில் அறுபவை. அதனால் அவற்றின் முனையில் தடித்த நைலானையோ ஃப்ளூரோகார்பனையோ இணைக்கின்றனர். கனடாவின் உறைந்த ஏரிகளில் பனியைத் துளையிட்டுக் கூர்ப்பல் கொண்ட பைக் மீனைப் பிடிப்போர் கம்பி இணைப்பைத் தேர்வதும் இதே கணக்கில்தான். அங்கே பல், இங்கே பாறை.

இணைப்பிழைக்கு மற்றொரு கடமையும் உண்டு. அது சுருளி நாணைவிடச் சற்று வலிமை குறைந்ததாக இருந்தால், அறும்போது முள்ளருகே அறும். மீன் சில விரற்கடை இழையோடு தப்பும். சுருளி நாணே அறுந்தால், பல கெஜ நரம்பை இழுத்துச் சென்று பாறையில் சிக்கிச் சாகும். எவ்வளவு வலிமை வேண்டும் என்று கேட்பவர், எங்கே அற வேண்டும் என்றும் கேட்க வேண்டும்.

நாண் வலுத்த இந்த நூற்றைம்பது ஆண்டுகளில் மீன் மெலிந்தது. 1934-இல் மேட்டூர், 1955-இல் பவானிசாகர், 1957-இல் அமராவதி என அணைகள் எழுந்தன. வெடியும் நஞ்சும் மடுக்களைக் காலி செய்தன. காவிரியில் வளர்ப்பதற்கென விடப்பட்ட வேறொரு மகசீர் இனம் பெருகியது. ராத்தல் கணக்கில் உலகப் புகழ் பெற்ற திமில் முதுகு மகசீருக்கோ உறுதியான அறிவியற் பெயர்கூட இல்லை. 2018-இல்தான், மோயாற்றிலிருந்து கிடைத்த மீன்களை ஆராய்ந்து, அமராவதியின் துணையாறான பாம்பாற்றிலிருந்து முன்னரே விவரிக்கப்பட்ட டார் ரெமாதேவி என்னும் இனமே அது என நிறுவினர். கோவை பாரதியார் பல்கலைக்கழகத்தின் ஆய்வாளரும் அவ்வாய்வில் பங்கேற்றார். அதே ஆண்டு அது மிக அருகிய இனங்களின் பட்டியலில் சேர்ந்தது.

மீனை எடை போட்டவர்கள் பலர், பெயரிடத் தாமதித்தோம். மோயாற்றின் பெரும்பகுதி இன்று முதுமலை, சத்தியமங்கலம் புலிகள் காப்பகங்களின் வழியே ஓடுகிறது. அம்மடுக்களில் எஞ்சியவை, சங்கப் பாட்டின் வாளையைப் போல, நிழலுக்கு அஞ்சியேனும் வாழட்டும். அவற்றுக்கு இனி நாம் தேர்ந்தளிக்க வேண்டியது வலிய நாண் அன்று, ஓடும் நீர்.