கப்பல் பட்டறையிலிருந்து வந்த 'எக்கோ'!

நெஞ்சுமேல ஜில்லுனு கொஞ்சம் ஜெல், அதுமேல அழுத்துற ஒரு சின்னக் கருவி, ஸ்கிரீன்ல துடிக்கிற இதயம். வீட்டில் யாரையாவது எக்கோ எடுக்கக் கூட்டிட்டுப் போயிருந்தால் இந்தக் காட்சி உங்களுக்குத் தெரிந்திருக்கும். ஊசி இல்லை, கதிர்வீச்சு இல்லை. இந்த டெஸ்ட்டுக்கு விதை போட்ட ஆய்வுக் கட்டுரை வெளியானது 1954-ல். அதில் முக்கியமான ஒரு விஷயம் தப்பு! அதைத் தேடிப் போய்த் திருத்தியவரும் அதை எழுதிய டாக்டரேதான்.

அவர் பெயர் இங்கெ எட்லர். ஸ்வீடன் நாட்டின் லுண்ட் நகரில் இதய மருத்துவர். ருமாட்டிக் காய்ச்சலால் இதயத்தின் மைட்ரல் வால்வு சுருங்கிப்போனவர்களுக்கு அப்போதுதான் ஆபரேஷன் செய்ய ஆரம்பித்திருந்தார்கள். வால்வு சுருங்கியிருந்தால் விரித்துவிடலாம். ஆனால், ஏற்கெனவே கசியுற வால்வை விரித்தால் கசிவு இன்னும் மோசமாகும். யாருக்குச் சுருக்கம், யாருக்குக் கசிவு? ஸ்டெதஸ்கோப், எக்ஸ்ரே, கதீட்டர் எல்லாம் இருந்தும் உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

'ராடார் மாதிரி ஏதாவது வெச்சுப் பார்க்க முடியுமா?' என்று எட்லர் கேட்டது, ஹெல்முத் ஹெர்ட்ஸ் என்ற இளம் இயற்பியலாளரிடம். அலைவரிசையை 'ஹெர்ட்ஸ்' என்கிறோமே, அந்த ஹைன்ரிக் ஹெர்ட்ஸ் இவருடைய அப்பாவுக்குப் பெரியப்பா! 'ராடார் சரிப்படாது, அல்ட்ராசவுண்டு முயற்சி பண்ணலாம்' என்றார் ஹெர்ட்ஸ். பக்கத்து ஊரான மால்மோவில் கப்பல் கட்டும் தளம் ஒன்று இருந்தது. இரும்புத் தகட்டுக்குள் விரிசல் இருக்கிறதா என்று பார்க்க அங்கே அல்ட்ராசவுண்டு கருவி வைத்திருந்தார்கள். அதை இரவல் வாங்கி ஹெர்ட்ஸ் தன் நெஞ்சிலேயே வைத்துப் பார்த்தார். இதயத் துடிப்போடு சேர்ந்து அசையும் ஒரு எதிரொலி கிடைத்தது. பிறகு சீமென்ஸ் நிறுவனம் ஒரு கருவியைக் கடனாகக் கொடுக்க, 1953 அக்டோபர் 29-ம் தேதி இதயத்தின் அசைவை முதன்முறையாகப் பதிவு செய்தார்கள்.

இப்போ பார்க்கிற மாதிரி படமெல்லாம் இல்லை. மேலும் கீழும் போகும் ஒற்றைக்கோடு, அவ்வளவுதான். நல்ல வால்வு இருப்பவர்களுக்கு அந்தக் கோடு சரேல்னு இறங்கியது. சுருங்கிய வால்வு என்றால் மெதுவாகச் சரிந்தது. ஆபரேஷன் யாருக்குத் தேவை என்பதற்கு ஒரு துப்பு கிடைத்துவிட்டது.

சரி, அந்தக் கோடு இதயத்தின் எந்தப் பகுதி? இடது மேலறையின் சுவர் என்று முதலில் நினைத்தார்கள். எட்லர் அதோடு விட்டுவிடவில்லை. மரணத் தறுவாயில் இருந்த நோயாளிகளின் நெஞ்சில் ஒலி எந்த இடத்தில், எந்தத் திசையில் போகிறது என்று குறித்துக்கொண்டார். அவர்கள் இறந்த பிறகு, பனிக்கட்டி உடைக்கும் ஊசியை அதே திசையில் செலுத்தி அது எங்கே போய் நிற்கிறது என்று பார்த்தார். படிக்கவே கொஞ்சம் திக்கென்றுதான் இருக்கிறது. ஊசி காட்டிய இடம் சுவர் அல்ல, மைட்ரல் வால்வின் முன் இதழ்! கோட்டின் சரிவு ஏன் வால்வு நோயை அவ்வளவு சரியாகக் காட்டியது என்பதும் அப்போதுதான் புரிந்தது.

1977-ல் இருவருக்கும் லாஸ்கர் விருது கிடைத்தது. இங்க்ஜெட் பிரின்டர் தொழில்நுட்பத்தின் முன்னோடிகளில் ஹெர்ட்ஸும் ஒருவர் என்பது கூடுதல் தகவல்.

இப்போதைய எக்கோவில் வால்வு, சுவர், ரத்தம் பாயும் திசை எல்லாமே தெரிகிறது. ஆனால், ரிப்போர்ட்டில் 'இ.எஃப் 60%' என்று பார்த்ததும் 'ஐயோ, 40% போச்சா!' என்று பதறுகிறவர்கள் நிறைய பேர். அது பரீட்சை மார்க் இல்லைங்க. இடது கீழறையில் நிரம்பிய ரத்தத்தில் ஒவ்வொரு துடிப்புக்கும் எத்தனை சதவிகிதம் வெளியேறுகிறது என்ற கணக்கு. ஆரோக்கியமான இதயமும் முழுவதையும் வெளியேற்றாது. 55-லிருந்து 70 வரை இருந்தால் பொதுவாக நார்மல்தான்.

இன்னொன்று, இதயத்துக்கு ரத்தம் கொண்டுபோகும் குழாய்களில் இருக்கும் அடைப்பை சாதாரண எக்கோ நேரடியாகக் காட்டாது. அதனால்தான் 'எக்கோ நார்மல்' என்று வந்த பிறகும், நெஞ்சு வலிக்கிறது என்றால் டாக்டர் டிரெட்மில் டெஸ்ட்டோ ஆஞ்சியோவோ எழுதித் தருகிறார்.