தொழிலுக்கு வாங்கிய கருவி பழுதானால் பணம் திரும்பக் கிடைக்குமா? சட்டம் சொல்வது என்ன

தச்சர் ஒருவர் கடன் பெற்று வாங்கிய மர அறுவை இயந்திரம் ஒரே மாதத்தில் நின்றுவிடுகிறது. பழுது நீக்கித் தருவதாகக் கூறிக் கடைக்காரர் நாள் கடத்துகிறார். இயந்திரம் ஓடாத நாள்களில் வருமானம் இல்லை. கடன் தவணை மட்டும் நிற்பதில்லை. வீட்டுக்கு வாங்கிய மிக்சி பழுதானால் நுகர்வோர் ஆணையத்தை நாடலாம் என்பது பலரும் அறிந்ததே. தொழிலுக்கு வாங்கிய கருவிக்கும் அந்த உரிமை உண்டா என்பதில்தான் குழப்பம் நிலவுகிறது. அந்தக் கருவியை யார், எந்த நோக்கத்துக்காகப் பயன்படுத்துகிறார் என்பதைப் பொறுத்தே அதற்கான விடை அமைகிறது.

யார் நுகர்வோர்?

2020 ஜூலை 20-ஆம் தேதி நடைமுறைக்கு வந்த நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, மறுவிற்பனைக்காகவோ வணிக நோக்கத்துக்காகவோ பொருள் வாங்குபவரை நுகர்வோராகக் கருதுவதில்லை. எனினும், சுயதொழில் மூலம் வாழ்வாதாரம் ஈட்டுவதற்காக மட்டுமே ஒருவர் வாங்கித் தாமே பயன்படுத்தும் பொருள் வணிக நோக்கத்தில் அடங்காது என்று பிரிவு 2(7) விளக்குகிறது.

முந்தைய 1986-ஆம் ஆண்டுச் சட்டத்திலும் இதே விளக்கம் இடம்பெற்றிருந்தது. அதை லட்சுமி இன்ஜினீயரிங் வொர்க்ஸ் வழக்கில் 1995-ஆம் ஆண்டு ஆராய்ந்த உச்ச நீதிமன்றம், பிழைப்புக்காகத் தாமே ஓட்டுவதற்கு ஆட்டோ ரிக்‌ஷா வாங்குபவரும், தாமே இயக்குவதற்குக் கடைசல் இயந்திரம் வாங்குபவரும் நுகர்வோரே என்று கூறியது. துணைக்கு ஓரிருவரை வைத்துக்கொள்வதால் அந்த உரிமை பறிபோகாது என்றும் தெளிவுபடுத்தியது. ஆனால், அந்த வழக்கைத் தொடுத்தவருக்கு வெற்றி கிட்டவில்லை. அவர் வாங்கிய இயந்திரம் சுயதொழிலுக்கு மட்டுமே உரியது அல்ல என்பது நீதிமன்றத்தின் முடிவு.

புகைப்படங்களை அச்சிடும் இயந்திரத்தை வாங்கிய கூட்டாண்மை நிறுவனம் தொடர்ந்த வழக்கில், பங்குதாரர்கள் வாழ்வாதாரத்துக்காகவே அதை வாங்கியதால் அவர்களும் நுகர்வோரே என்று 2018-இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. பொருள் வணிக நோக்கத்துக்காக வாங்கப்பட்டது என்பதை முதலில் நிறுவ வேண்டிய பொறுப்பு எதிர்த்தரப்பினருடையது என்று 2024-ஆம் ஆண்டுத் தீர்ப்பு ஒன்று கூறுகிறது. அவர்கள் அதை நிறுவிவிட்டால், சுயதொழிலுக்காகவே வாங்கியதாக மெய்ப்பிக்கும் பொறுப்பு வாங்கியவரைச் சேரும்.

எவற்றைக் கோரலாம்?

குறை உறுதியானால், அதை நீக்கித் தரவோ, குறையற்ற புதிய பொருளை மாற்றித் தரவோ, செலுத்திய விலையை வட்டியுடன் திருப்பித் தரவோ ஆணையம் உத்தரவிடலாம். விற்பனையாளரின் கவனக்குறைவால் ஏற்பட்ட இழப்புக்கு இழப்பீடும் வழங்கலாம். இதற்குப் பிரிவு 39 வகை செய்கிறது.

குறையுள்ள பொருளைத் திரும்பப் பெற்றுப் பணத்தைத் தர மறுப்பது நேர்மையற்ற வணிக நடைமுறையாகும். ரசீதில் குறிப்பிட்ட காலத்துக்குள்ளும், காலம் குறிப்பிடப்படாவிட்டால் 30 நாள்களுக்குள்ளும் பணத்தைத் திருப்பித் தர வேண்டும்.

செலுத்திய விலை 50 லட்சம் ரூபாய் வரை இருந்தால் மாவட்ட ஆணையத்தில் புகார் அளிக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் இல்லை. புகார்தாரர் வசிக்கும் ஊரிலோ பணிபுரியும் ஊரிலோ உள்ள ஆணையத்தையே நாடலாம். பிரச்னைக்கான காரணம் எழுந்த நாளிலிருந்து 2 ஆண்டுகளுக்குள் புகார் அளிக்க வேண்டும்.

வணிக நிறுவனங்களுக்கு வழி என்ன?

பணியாளர்களைக் கொண்டு பெரிய அளவில் தொழில் நடத்தும் நிறுவனம் பொதுவாக நுகர்வோர் ஆணையத்தை நாட இயலாது. அதற்குத் துணை நிற்பது சரக்கு விற்பனைச் சட்டம் 1930. இன்ன பணிக்குக் கருவி தேவை எனத் தெரிவித்து, விற்பனையாளரின் அனுபவத்தை நம்பி வாங்கியிருந்தால், அது அப்பணிக்குத் தகுதியாக இருக்க வேண்டும் என்பது பிரிவு 16-இன்படி ஒப்பந்தத்தின் உட்கிடையான நிபந்தனை.

இங்கே காலம் முக்கியமானது. பொருளைச் சோதித்துப் பார்க்க வாங்குபவருக்கு உரிமை உண்டு. ஆனால், நியாயமான காலம் கடந்தும் மறுப்புத் தெரிவிக்காமல் வைத்திருந்தால், அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் கருதும். அதன்பின் பொதுவாகப் பொருளைத் திருப்பித் தரும் உரிமை போய், விலைக் குறைப்போ இழப்பீடோ கோரும் உரிமை மட்டுமே எஞ்சும். உரிய காலத்தில் மறுத்தவர் பொருளைத் தாமே சுமந்து சென்று ஒப்படைக்க வேண்டியதில்லை; மறுப்பைத் தெரிவித்தாலே போதுமானது.

உட்கிடையான இந்த நிபந்தனைகளை வெளிப்படையான உடன்பாட்டின் மூலம் விலக்கிவைக்கவும் பிரிவு 62 இடமளிக்கிறது. எனவே, ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன் அதன் சிறிய எழுத்துகளையும் நிறுவனங்கள் படித்தாக வேண்டும். 3 லட்சம் ரூபாய்க்குக் குறையாத வணிகத் தகராறுகள் வணிக நீதிமன்ற வரம்புக்குள் வருகின்றன. அவசர இடைக்கால நிவாரணம் கோராத வழக்குகளில், வழக்குத் தொடரும் முன் சமரச முயற்சி கட்டாயம்.

செய்ய வேண்டியவை

குறை தெரிந்தவுடன் கருவியை இயக்குவதை நிறுத்தி, விற்பனையாளருக்கும் தயாரிப்பாளருக்கும் எழுத்து மூலம் தெரிவிக்க வேண்டும். பழுதுநீக்கம், மாற்றுக் கருவி, பணம் ஆகியவற்றில் எது தேவை என்பதைக் கடிதத்தில் தெளிவாகக் குறிப்பிட வேண்டும். ரசீது, உத்தரவாத அட்டை, பழுது நீக்க வந்தவர் அளித்த பணி அறிக்கை ஆகியவற்றைப் பாதுகாக்க வேண்டும். வெளியாளிடம் கருவியைப் பிரித்துக் கொடுத்தால் உத்தரவாதம் செல்லாமல் போகலாம். குறை எங்கே தோன்றியது என்பதை மெய்ப்பிப்பதும் கடினமாகிவிடும்.

சுயதொழில் செய்வோர், கருவியைத் தாமே இயக்குவதைக் காட்டும் ஆவணங்களையும் சேர்த்து வைப்பது நல்லது. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-ஐ அழைத்து, வழக்குக்கு முந்தைய நிலையிலேயே தீர்வுக்கு முயலலாம். பழுது நீங்கிவிடும் என்ற வாய்மொழி உறுதியை நம்பிக் காத்திருக்கும் நாள்களும் சட்டத்தின் கணக்கில் சேரும் என்பதைக் கருவி வாங்குவோர் மறந்துவிடக் கூடாது.