மீத்தேனாக்க வினையூக்கி

மீத்தேனாக்க வினையூக்கி என்பது கார்பன் டைஆக்சைடையும் ஹைட்ரஜனையும் வினைபுரியச் செய்து மீத்தேனை உருவாக்கப் பயன்படும் உலோக வினையூக்கி ஆகும். நிக்கல், ருத்தேனியம் ஆகியவை இதற்குப் பெரிதும் பயன்படுகின்றன. இவ்வினையில் ஒரு மூலக்கூறு கார்பன் டைஆக்சைடு நான்கு மூலக்கூறு ஹைட்ரஜனுடன் சேர்ந்து, ஒரு மூலக்கூறு மீத்தேனையும் இரண்டு மூலக்கூறு நீரையும் தருகிறது. ஒரு மோல் கார்பன் டைஆக்சைடுக்கு ஏறத்தாழ 165 கிலோஜூல் வெப்பம் வெளியாகிறது.

வரலாறு

பிரான்சின் துலூஸ் நகரைச் சேர்ந்த பால் சபாட்டியே, சான் பத்தீஸ்த்து சாந்தரான் ஆகியோர் 1902 ஆம் ஆண்டு நிக்கலைக் கொண்டு இவ்வினையை நிகழ்த்தினர். எனவே இது சபாட்டியே வினை எனப்படுகிறது. நுண்ணிய உலோகத் துகள்களின் முன்னிலையில் கரிமச் சேர்மங்களை ஹைட்ரஜனேற்றம் செய்யும் முறைக்காகச் சபாட்டியே 1912 ஆம் ஆண்டு வேதியியலுக்கான நோபல் பரிசை விக்டர் கிரிஞ்ஞாருடன் பகிர்ந்துகொண்டார்.

தயாரிக்கும் முறை

வினை உலோகத்தின் மேற்பரப்பில் மட்டுமே நிகழ்கிறது. ஆகவே உலோகத்தை நானோமீட்டர் அளவுள்ள துகள்களாகப் பரப்புவதே தயாரிப்பின் நோக்கம் ஆகும். பரவலாகக் கையாளப்படும் ஊறவைத்தல் முறையின் படிகள் பின்வருமாறு:

1. நுண்துளைகள் நிறைந்த அலுமினாவின் துளைக் கொள்ளளவு அளக்கப்படுகிறது. அதற்குச் சமமான அளவு நிக்கல் நைட்ரேட்டுக் கரைசல் அதனுடன் சேர்க்கப்படுகிறது.
2. ஏறத்தாழ 110 முதல் 120 பாகை செல்சியசில் நீர் உலர்த்தப்படுகிறது.
3. காற்றில் 400 முதல் 500 பாகையில் சூடாக்கும்போது நைட்ரேட்டு சிதைந்து நிக்கல் ஆக்சைடாகிறது. வெளியேறும் நைட்ரஜன் ஆக்சைடுகள் நச்சுத்தன்மை உடையவை.
4. ஏறத்தாழ 500 பாகையில் ஹைட்ரஜனைச் செலுத்தி, ஆக்சைடு உலோக நிக்கலாக ஒடுக்கப்படுகிறது.

மூன்றாம் படியில் வெப்பநிலை மிகுந்தால் நிக்கல் அலுமினேட்டு உருவாகும்; இதை ஒடுக்குவது கடினம். ஒடுக்கப்பட்ட நுண்ணிய நிக்கல் காற்றுப் பட்டால் தானாகவே தீப்பற்றக்கூடும். இதைத் தவிர்க்க, வெளியில் எடுக்கும் முன் சிறிதளவு ஆக்சிஜன் கலந்த வாயுவைச் செலுத்தி, துகள்களின் மேல் மெல்லிய ஆக்சைடுப் படலம் உருவாக்கப்படுகிறது.

செயலிழப்பு

வெப்பநிலை குறைவாக இருப்பது மீத்தேன் விளைச்சலுக்குச் சாதகமானது. எனினும் வினை மெதுவாகவே நிகழும். வெப்பநிலை உயர்ந்தால் விளைச்சல் குறைவதுடன், துகள்கள் ஒன்றோடொன்று இணைந்து பெரிதாகி மேற்பரப்பும் சுருங்கும். வினையே வெப்பத்தை வெளியிடுவதால், அவ்வெப்பத்தை உடனுக்குடன் அகற்றுதல் இன்றியமையாதது. மிகச் சிறிதளவு கந்தகச் சேர்மங்களும் நிக்கலைச் செயலிழக்கச் செய்கின்றன. ஏறத்தாழ 200 பாகைக்குக் கீழ் நிக்கலும் கார்பன் மோனாக்சைடும் சேர்ந்தால், கொடிய நஞ்சான நிக்கல் கார்பனைல் உருவாகக்கூடும். ருத்தேனியம் குறைந்த வெப்பநிலையிலும் நன்கு செயல்படும். ஆனால் விலை மிக அதிகம்.

பயன்பாடு

2010 ஆம் ஆண்டு பன்னாட்டு விண்வெளி நிலையத்துக்கு அனுப்பப்பட்ட சபாட்டியே கருவி, விண்வெளி வீரர்கள் வெளிவிடும் கார்பன் டைஆக்சைடிலிருந்து நீரை மீட்டெடுத்தது. மீத்தேன் விண்வெளியில் வெளியேற்றப்பட்டது. செருமனியின் வெர்ல்ட்டே நகரில் 2013 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஆலை, காற்றாலை மின்சாரத்தால் நீரைப் பகுத்துப் பெற்ற ஹைட்ரஜனைக் கொண்டு மீத்தேன் தயாரித்தது. ஹைட்ரஜன் இயற்கை எரிவளியிலிருந்து பெறப்பட்டால், அதைப் பெறும்போதே கார்பன் டைஆக்சைடு வெளியாகிவிடும். எனவே இம்முறையால் சூழலுக்கு நன்மை உண்டா என்பது, வினையூக்கியின் திறனைவிட ஹைட்ரஜனின் மூலத்தையே பெரிதும் சார்ந்துள்ளது.