தூரவாணி நகரும் கித்தூர் இணைப்பகமும்

விடுதலை பெற்ற இந்தியாவின் தொடக்ககாலப் பொதுத்துறை நிறுவனங்களுள் ஒன்றான இந்தியத் தொலைபேசித் தொழிலகம் 1948-இல் பெங்களூரில் தோன்றியது. அதனைச் சூழ்ந்த குடியிருப்பு தூரவாணி நகர் எனப்பட்டது. தொலைபேசியைக் கன்னடம் ‘தூரவாணி’ என வழங்கும். ஆலையில் உருவான பொருளே ஊர்ப்பெயராக நிலைத்தமை பெயராய்வாளர் கருதத்தக்கது.

இவ்வாலையின் ஆளுகையில் தொடக்கம் முதலே ஒரு முரண் இருந்தது. உரிமையாளர் அரசு, கருவிகளைப் பெரும்பாலும் வாங்கியதும் அரசின் தொலைபேசித் துறையே. விற்பனை குறித்த கவலை எழவில்லை. ஆதலின் புதியன காணும் நெருக்கடியும் எழவில்லை. இணைப்பகத் தொழில்நுட்பம் முதலில் லிவர்பூலிலிருந்தும் 1960களில் ஆண்ட்வெர்ப்பிலிருந்தும் பெறப்பட்டது.

1984-இல் அரசு நிறுவிய சி-டாட் ஆய்வு மையம் வேறொரு வினாவை எழுப்பியது. குளிரூட்டிய அறையும் தடையற்ற மின்சாரமும் இல்லாத சிற்றூரில் எவ்வகை இணைப்பகம் இயங்கும்? அதற்கு விடையாக, வெப்பத்தையும் தூசியையும் தாங்கும் 128 முனை இணைப்பகம் 1986-இல் கருநாடகத்துக் கித்தூரில், ராணி சென்னம்மாவின் ஊரில், இயங்கத் தொடங்கியது. ‘நீடித்த வளர்ச்சி’ என்னும் தொடரைப் பிரண்ட்லாண்ட் அறிக்கை உலகறியச் செய்தது அதற்கடுத்த ஆண்டில்தான் என்பது நோக்கத்தக்கது.

சி-டாட் தன் வடிவமைப்பைப் பொதுத்துறைக்கும் தனியாருக்கும் ஒருசேர வழங்கியது. 1991-இல் இணைப்பக உற்பத்தி தனியாருக்குத் திறந்துவிடப்பட்டது. ஒரே வாடிக்கையாளரை நம்பி வளர்ந்த பெங்களூர் ஆலை 2000களில் பெரும் இழப்புக்குள்ளாயிற்று. தொழிலாளர் திறனைக் குறைகூறுவோர் இக்கொள்முதல் அமைப்பைக் கணக்கில் கொள்வதில்லை.